என் அம்மா காசியம்மாள் ஆன கதை

நர்சிங் படித்தவர்கள் வெளியாட்களிடம் சொல்லாத எண்கள் நான்கு உண்டு. உடல் சூடு தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு. நாடித்துடிப்பு எழுபத்தாறு. மூச்சு பதினெட்டு. ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. வார்டில் முப்பது நோயாளிகள் இருப்பார்கள், கையில் ஒரே ஒரு தெர்மாமீட்டர் இருக்கும், எட்டு மணிக்குள் சார்ட் நிரம்பியிருக்க வேண்டும். முப்பது பேருக்கும் இந்த நான்கு எண்களைப் போட்டுவிட்டு நாங்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போவோம். (எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டால் மாட்டிக்கொள்வோம். நடுநடுவே ஒரு எண்பது, ஒரு தொண்ணூற்றொன்பது என்று தூவ வேண்டும். அந்தத் தூவலில் எங்கள் செட்டிலேயே நான்தான் கெட்டிக்காரி.)

இதை இவ்வளவு தைரியமாக இப்போது ஒப்புக்கொள்வதற்குக் காரணம், அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு உரிய தண்டனையை நான் ஒரே நாளில் மொத்தமாக அனுபவித்துவிட்டேன் என்பதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்தில் மூன்று வருட நர்சிங் டிப்ளமோவின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். எழுத்துப் பரீட்சை எல்லாம் முடிந்து, நோயாளியை வைத்துச் செய்துகாட்டும் பிராக்டிகல் ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால் நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவாகும். பதிவு எண் இருந்தால்தான் நர்ஸ், இல்லாவிட்டால் வெள்ளைப் புடவை கட்டிய வெறும் கஸ்தூரி. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் "பாஸ் பண்ணிட்டு வாம்மா, வேலை ரெடி" என்று சொல்லியிருந்தார்கள். பெயிலானால் ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்த பரீட்சை. அதுவரை அந்த வேலை எனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. என் அம்மா அம்சா, மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து மீன் எடுத்துப்போய்த் திண்டிவனம் மார்க்கெட்டில் விற்பவள். வாளை மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு நர்சு, அடுத்த மாசத்துலேர்ந்து இங்கதான் ஊசி போடும்" என்று சொல்லிச் சொல்லி, ஊரில் பாதிப்பேரை என் ஊசிக்காகக் காத்திருக்க வைத்திருந்தாள்.

பிராக்டிகலில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் ஆளுக்கொரு நோயாளியை ஒதுக்கிவிடுவார்கள். அவரைப் பற்றி ஒரு நோட்டு முழுக்க எழுதி, பரீட்சையன்று சென்னையிலிருந்து தேர்வாளராக வரும் எக்ஸ்டர்னல் மேடம் முன்னால் அவரையே வைத்துச் செய்துகாட்ட வேண்டும். அந்த நோயாளி அன்றுவரை ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது மாணவியின் பாடு. போன செட்டில் ஒருத்தியின் நோயாளி கிளம்பிப் போய்விட்டதால் "நீ அடுத்த தடவை வா" என்று அனுப்பிவிட்டார்கள் என்று கதை உண்டு. அதனால் அந்த மூன்று நாளும் நோயாளிகளுக்கு ராஜ உபசாரம்தான்.

எனக்குக் கிடைத்தவர் பெண்கள் வார்டு பதினோராம் கட்டில் காசியம்மாள். விழுப்புரம் பக்கத்துக் கெடார்க்காரர், ஐம்பது வயது, ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். சாந்தமான மனுஷி. நான் தலை வாரிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன், சர்க்கரை போடாத டீ வாங்கிக் கொடுத்தேன், அவர் மருமகளைப் பற்றிச் சொன்ன குற்றங்களை எல்லாம் உச்சுக் கொட்டிக் கேட்டேன். நோட்டில் சிவப்பு மையிலும் நீல மையிலும் இருபத்தெட்டுப் பக்கம் எழுதினேன். பழுப்பு அட்டை போட்டுப் பொட்டும் வைத்தேன்.

பரீட்சையன்று காலை வார்டுக்குள் நுழைகிறேன், பதினோராம் கட்டில் காலி.

"கக்கூஸ் போயிருக்காங்களா?" என்று பத்தாம் கட்டில் அம்மாவைக் கேட்டேன்.

"அது விடியக்காலம் முதல் பஸ்ஸுல ஊருக்குப் பூட்டுதும்மா. மல்லாட்டை புடுங்க ஆளு கெடைச்சுட்டாங்களாம். சாயங்காலம் வந்துடறேன், நர்சம்மாகிட்ட சொல்லிடுன்னு சொல்லிச்சி."

நிலக்கடலை பிடுங்கப் போன காசியம்மாளோடு என் பரீட்சையும் பஸ் ஏறிவிட்டது. ஓடிப்போய் என் தோழி ஜெசிந்தாவைப் பிடித்தேன். ஜெசிந்தா எந்தப் பிரச்சினைக்கும் ஒரு வழி வைத்திருப்பாள். அந்த வழி நல்ல வழியாக இருக்க வேண்டும் என்கிற கட்டாயம் மட்டும் அவளுக்குக் கிடையாது. இருவரும் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, தூக்குப்பாத்திரமும் கையுமாக என் அம்மா வந்து சேர்ந்தாள். பெண் பரீட்சை எழுதுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். மார்க்கெட்டுக்குப் போகாமல் பஸ் ஏறிவிட்டாள்.

"எனக்கு வெரதம். உனக்குத்தான் சோறு கொண்டாந்தேன்" என்றாள் அம்மா. "நீ பாசாகிட்டன்னு சொன்னாத்தான் பச்சத்தண்ணி பல்லுல படும்."

ஜெசிந்தா அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கஸ்தூரி, உங்கம்மா கொஞ்ச நேரம் படுப்பாங்களா?"

அப்போதே நான் "போடி பைத்தியம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "வார்டு சிஸ்டர் கண்டுபிடிச்சிட்டா?" என்றுதான். அன்றைக்குப் பார்த்து வார்டு சிஸ்டர் லீவு, பதிலுக்கு வந்தவர் புதியவர். எங்கள் டியூட்டர் மேடம் மூன்று வருடமாக நோட்டைப் பார்த்திருக்கிறாரே தவிர நோயாளியின் முகத்தைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. எல்லாமே எனக்குச் சாதகமாக இருந்தது, என் புத்தியைத் தவிர.

அம்மா விஷயத்தைக் கேட்டதும் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் குஷி தாங்கவில்லை.

"இன்னா, படுத்துக்கினு இருக்கணும், கேட்டா பதில் சொல்லணும், அவ்வளவுதான? சொல்லிக் குடு."

"உன் பேரு காசியம்மா. ஊரு கெடார். வயசு அம்பது."

"அம்பதா? எனக்கு நாப்பத்தி மூணுதான்டி. கொறைச்சி எழுது."

"மா, அது உன் வயசு இல்ல!"

"யாரு வயசா இருந்தா இன்னா, படுக்கறது நானுதான? நாப்பத்தஞ்சுன்னு போடு."

வயதில் ஒரு வழியாகச் சமாதானம் ஆனோம். அடுத்த சிக்கல் வாடை. இருபது வருடமாக மீன் விற்பவள் மேல் என்ன வாடை வரும்? கெடாரில் கடல் கிடையாதே. ஜெசிந்தா தரை துடைக்கிற லோஷனைப் பஞ்சில் நனைத்து அம்மாவின் கையிலும் கழுத்திலும் தேய்த்தாள். அதன் பிறகு அம்மா மேல் லோஷன் போட்டுக் கழுவிய மீன் மார்க்கெட் வாடை வந்தது. பத்தாம் கட்டில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். (அவர் கடைசிவரை எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் பார்க்கிற டிராமாவை யார் கெடுப்பார்கள்?)

பதினொன்றரை மணிக்கு எக்ஸ்டர்னல் மேடம் வந்தார். ஒல்லியாக, கஞ்சி போட்ட காட்டன் புடவையில், மூக்கு நுனியில் கண்ணாடியோடு. பின்னாலேயே டியூட்டர் மேடம் என் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேரு என்னம்மா?" என்று எக்ஸ்டர்னல் மேடம் அம்மாவைக் கேட்டார்.

"அம்... காசியம்மா."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"மல்லாட்டைங்க."

"பயிர் வைக்கறீங்களா?"

"விக்கறேங்க, கூடையில வெச்சி. கேட்டா செதிலு எடுத்து, கழுவிக் குடுப்பேன்."

"தோலு மேடம்!" என்று குறுக்கே விழுந்தேன். "அவங்க ஊர்ல தோலை அப்படித்தான் சொல்லுவாங்க."

மேடம் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று அம்மாவிடம் திரும்பினார்.

அம்மா பாடம் பிசகாமல் ஒப்பித்தாள். தாகம் எடுக்கிறது, அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது, எவ்வளவு தின்றாலும் பசிக்கிறது. சர்க்கரை நோயின் மூன்று அடையாளங்களும் வரிசையாக வந்துவிட்டன. நான் மூச்சு விட்டேன். ஆனால் மேடை கிடைத்தவள் அத்தோடு இறங்குவாளா?

"அப்பறம் பொடனியில கெனகெனன்னு வலிக்குதுங்க. காலையில எழுந்திரிச்சா கிர்ருனு சுத்துது. கண்ணுகூட சில நேரம் மங்கலா தெரியுது."

என் இருபத்தெட்டுப் பக்க நோட்டில் பிடரி வலியே கிடையாது. கண்ணால் ஜாடை காட்டினேன், அவள் பார்க்கவில்லை. போர்வைக்குள் கையை விட்டுக் கால் கட்டைவிரலைக் கிள்ளினேன்.

"ஏன்டி கிள்ற?" என்றாள் அம்மா.

டியூட்டர் மேடம் முதல் தடவையாக நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ரெண்டு பேரும் நல்லா பழகிட்டீங்க போல" என்றார் எக்ஸ்டர்னல் மேடம்.

"மூணு நாளா தலை வாரிவிட்டேன் மேடம்."

"ம். பிபி பாரு."

பிபி பார்ப்பது எப்படி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நோயாளி ஐந்து நிமிடம் ஓய்வாக இருந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே பட்டையில் காற்றடித்து, நாடி எங்கே மறைகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் இன்னும் முப்பது ஏற்றிவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மெதுவாகக் காற்றை இறக்க வேண்டும். முதல் சத்தம் மேல் எண், சத்தம் நிற்கும் இடம் கீழ் எண். இத்தனையையும் வாயால் சொன்னேன். காற்றடித்தேன், இறக்கினேன், தலையை அழகாகச் சாய்த்துக்கொண்டேன். கேட்பதை மட்டும்தான் செய்யவில்லை. என் காதில் என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. கேட்க என்ன இருக்கிறது, தினமும் மீன் கூடை சுமக்கிற என் அம்மாவுக்கு என்ன வந்துவிடப்போகிறது?

"நூத்தி இருபதுக்கு எண்பது மேடம்" என்றேன். அதை அப்படியே சார்ட்டில் எழுதினேன்.

மேடம் தலையாட்டினார். "மதியச் சாப்பாடு வர்ற நேரம். சார்ட்ல இன்சுலின் பத்து யூனிட் இருக்கே, போடு பார்க்கலாம்."

இது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் என்று என் நோட்டில் நானே சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். காலையில் பார்த்த சர்க்கரை அளவு என்று ஒன்றைக் காட்டினேன். (அது முந்தின நாள் காசியம்மாவிடம் எடுத்தது.) கை தானாகவே மருந்துப் புட்டியைத் துடைத்தது, பத்து யூனிட் இழுத்தது, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றியது.

"மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி சரிபார்க்க வேண்டியது என்னென்ன?"

"சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் மேடம்."

"முதல்ல என்ன சொன்ன?"

"சரியான நோயாளி."

"எப்படி உறுதி பண்ணுவ?"

"பேரைக் கேட்டு, சார்ட்டோட ஒத்துப் பார்க்கணும் மேடம்."

"கேளு."

பெற்ற தாயைப் பார்த்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

"காசியம்மா" என்றாள் அவள், இந்தத் தடவை துளியும் தடுமாறாமல். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

சர்க்கரையே இல்லாத ஆள். நேற்று இரவுக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காத ஆள். அந்த உடம்பில் பத்து யூனிட் இன்சுலின் போனால் என்ன ஆகும் என்று என் நோட்டின் பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், நினைவு தப்பும். அதற்கு முழு மார்க் வாங்கலாம் என்று நான்தான் குறித்து வைத்திருந்தேன்.

அம்மா முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். "போடுடி. ஊசிதான? ஜல்தி போட்டுட்டு பாசாகு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். அவளுடைய முணுமுணுப்பு மீன் விற்கிற முணுமுணுப்பு. அது எட்டாம் கட்டில்வரை கேட்டிருக்கும்.

ஊசியைத் தட்டில் வைத்தேன். "மேடம், இவங்க காசியம்மா இல்ல. எங்கம்மா."

நான் எதிர்பார்த்தது மேடத்தின் சத்தத்தை. முதலில் வந்தது என் அம்மாவின் சத்தம். எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பொய் சொல்றா டாக்டரம்மா! நம்பாதீங்க! நான்தான் காசியம்மா! இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது!"

"மா, சும்மா இரு!"

"யாருக்கு யாருடி அம்மா? நீ ஊசி போடு!"

எக்ஸ்டர்னல் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க காசியம்மாதானா? சத்தியமா?"

அம்மா யோசித்தாள். "சத்தியம்லாம் பண்ண மாட்டேங்க. இன்னிக்கு வெரதம்."

"விரதமா? ஒண்ணுமே சாப்பிடலையா?"

"இவ பாசாகற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு வேண்டிக்கினு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று புரிந்து அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேடம் தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தார். கத்துவார் என்று நின்றேன், அவர் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"ஊசி விஷயத்துல கடைசி நிமிஷம் நிஜத்தைச் சொல்லிட்ட. பிபி நூத்தி இருபதுக்கு எண்பதுன்னியே, அது நிஜமா?"

நான் சார்ட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மேடமே பட்டையைக் கட்டினார். காற்றடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். இன்னொரு கையிலும் கட்டினார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, "நீயே கேளு" என்றார். பாதரசம் இறங்கி நூற்றுத் தொண்ணூறைத் தொடும்போதே சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. நூற்றுப் பத்தில்தான் நின்றது.

"பொடனி வலிக்குதுன்னீங்களே, எவ்வளவு நாளா?" என்று மேடம் அம்மாவைக் கேட்டார்.

"நாலு மாசமாங்க."

"அது நடிப்பு இல்லையா?" என்றேன் நான்.

"இன்னா நடிப்பு? டாக்டரம்மா கேட்டாங்க, இருக்கறத சொன்னேன். நீதான் கிள்ளுன."

அங்கேயே அழுதேன். வார்டு நடுவில், வெள்ளைப் புடவையில், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். மூன்று வருடமாக ஊரில் உள்ளவர்கள் கையெல்லாம் பிடித்திருக்கிறேன். லீவுக்குப் போகும்போது ஒரு தடவையாவது அம்மா கையில் அந்தப் பட்டையைக் கட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமா? கட்டிய பிறகும் கேட்காமல் எழுதினேன். என்னை நினைத்து எனக்கே அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

"அழாதடி, பேஜாரா இருக்குது. இவங்க திட்டவே இல்லியே" என்று அம்மா எனக்குச் சமாதானம் சொன்னாள்.

டாக்டர் வந்தார். அம்மாவைக் கீழே இறக்கவே இல்லை. அதே பதினோராம் கட்டிலில், புதுச் சீட்டில், சொந்தப் பெயரில் அட்மிட் செய்தார்கள். விரதம் என்று முரண்டு பிடித்தவளை டாக்டர் ஒரு அதட்டு அதட்டி மாத்திரையை விழுங்க வைத்தார். பெண் பாசாகாமலேயே அம்மா தண்ணீர் குடித்தாள். சாயங்காலம் சொன்ன சொல் தவறாமல் காசியம்மாள் வந்து சேர்ந்தார், எனக்காக ஒரு பை பச்சை மல்லாட்டையோடு. தன் கட்டிலில் வேறொரு பெண் படுத்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"யாரும்மா நீ? இது என் கட்டில்."

"தெரியும் தெரியும், உக்காரு" என்றாள் அம்மா. "காலையிலேர்ந்து நான்தான் நீ."

எனக்குப் பெயில். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கிளம்பும்போது எக்ஸ்டர்னல் மேடம், "இன்னிக்கே உன்னை நிரந்தரமா அனுப்பியிருக்கலாம். ஊசியைக் கீழே வெச்சதுக்காகத்தான் ஆறு மாசத்தோட விடறேன்" என்றார். திண்டிவனம் வேலை வேறொருத்திக்குப் போயிற்று. ஆறு மாதம் நான் ஊரில் உட்கார்ந்து அம்மாவின் குழம்புச் சட்டியில் உப்பைக் குறைப்பது, கருவாட்டை ஒளித்து வைப்பது, அவள் அதைக் கண்டுபிடிப்பது என்று காலம் தள்ளினேன். அடுத்த பரீட்சையில் ஓடிப்போக முடியாத, கால் உடைந்த நோயாளியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு பாசானேன்.

அன்றிலிருந்து பார்க்காமல் ஒரு எண்ணையும் நான் எழுதியது கிடையாது. எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாலும் என் சார்ட்தான் கடைசியாக முடியும். "கஸ்தூரி சிஸ்டர் முப்பது பேருக்கு பிபி பார்த்து முடிக்கறதுக்குள்ள பாதிப்பேரு டிஸ்சார்ஜே ஆயிடுவாங்க" என்று சின்னப் பெண்கள் கேலி பேசுவது என் காதிலும் விழும்.

அம்மாவோ அந்த நாளைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டாள். "ஒரே நாள்ல ஆத்தாளும் மவளும் பரீட்சை எழுதுனோம். நான் ஒரு கேள்விக்குக்கூட தப்பா சொல்லல. அவதான் பெயிலு" என்று மார்க்கெட்டில் சொன்னாள், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னாள், பிறகு என் பிள்ளைகளுக்கும் சொன்னாள். என் வீட்டுக்காரர் மாமியாரை இன்றுவரை "காசியம்மா சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார்.

போன மாதம் மாத்திரை வாங்க அம்மாவைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றிச் சீட்டு தருகிறார்கள். கவுண்டரில் இருந்த பெண், "பாட்டி, உங்க பேரு என்ன?" என்று கேட்டது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கொஞ்சம்கூடக் குரலைத் தணிக்காமல் கேட்டாள்:

"இங்க எந்தப் பேர சொல்லணும்டி?"